ஓப்பன் ரெயில்ஸில் ஹாரன் காதைக் கிழிக்கிறது, என்ஜின் கேட்கவே இல்லை: ஒலிகளைத் தனித்தனியாகச் சரிசெய்வது எப்படி?

கேள்வி இதுதான். ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் டபிள்யூடிஎம்-3ஏ என்ற இந்திய டீசல் என்ஜின் ஒன்றை இறக்கி ஓட்டுகிறீர்கள். கேப்பில், அதாவது ஓட்டுநர் அறையில் இருந்து ஹாரன் அடித்தால் ஹெட்போனைக் கழற்றி எறியத் தோன்றுகிறது. ஆனால் எட்டாவது நாட்ச்சில், அதாவது விசையின் உச்சப் படியில் இழுக்கும்போதுகூட என்ஜின் சத்தம் காதில் விழுவதில்லை. மொத்த வால்யூமைக் கூட்டினால் இரண்டுமே சேர்ந்து கூடுகின்றன. ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டிக் குறைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அது செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லை, என்ஜினோடு வரும் ஒலிக் கோப்புகளில் இருக்கிறது. அவை நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகள்தான், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த விளையாட்டில் ஒரு சத்தத்தை மேலே ஏற்றுவதைவிட மற்றதைக் கீழே இறக்குவதுதான் வேலைக்கு ஆகும். ஏன் என்று போகப்போகப் புரியும்.

முதலில் செட்டிங்ஸை முடித்துவிடுவோம். ஓப்பன் ரெயில்ஸின் ஆப்ஷன்ஸில் ஆடியோ என்ற பகுதியில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, மொத்த ஒலி அளவு, சதவீதத்தில். இரண்டு, சவுண்ட் டீட்டெயில் லெவல். இது 5-இல் இருக்கட்டும், மிகப் பழைய கணினியாக இருந்தால் தவிர குறைக்கத் தேவையில்லை. மூன்றாவதுதான் உங்கள் பிரச்சினையோடு நேரடியாகத் தொடர்புள்ளது: வெளி ஒலியில் எத்தனை சதவீதம் உள்ளே கேட்க வேண்டும் என்ற எண். இதன் இயல்பான மதிப்பு 50. அதாவது வண்டிக்கு வெளியே நின்று கேட்டால் வரும் சத்தத்தில் பாதி அளவுதான் கேப்புக்குள்ளும் பயணிகள் பெட்டிக்குள்ளும் வரும். கதவு ஜன்னல் தடுப்பதை இப்படிக் காட்டுகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் என்ஜினைச் செய்தவர் இதை மனதில் வைத்துக் கோப்பு எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. நம்மிடம் புழங்கும் பல இந்திய என்ஜின்கள் மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்டவை. 2001-இல் வந்த அந்த விளையாட்டில் இப்படி ஒரு வடிகட்டல் கிடையாது. வெளி ஒலி முழு அளவிலேயே உள்ளே கேட்டது. ஓப்பன் ரெயில்ஸ் அதே கோப்புகளைப் படிக்கிறது, ஆனால் தன் பாணியில் ஒலிக்கவிடுகிறது.

சரி, கோப்புகளுக்கு வருவோம்.

ஒவ்வொரு வண்டியின் ஃபோல்டருக்குள்ளும் சவுண்ட் என்ற உள்ஃபோல்டர் இருக்கும். அதில் இரண்டு வகைக் கோப்புகள் கிடக்கும். பதிவு செய்த ஒலிகள் எல்லாம் வேவ் கோப்புகள். அவற்றை எப்போது, எந்த அளவில், எந்தச் சுருதியில் ஒலிக்கவிடுவது என்ற கட்டளைகள் எஸ்எம்எஸ் கோப்புகள். செல்போன் எஸ்எம்எஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கோப்பின் பின்னொட்டு மட்டும்தான் அப்படி. நாம் கை வைக்கப்போவது இந்த எஸ்எம்எஸ்ஸில்.

எந்த எஸ்எம்எஸ் என்பதை ஊகிக்க வேண்டாம். என்ஜினின் விவரங்கள் எல்லாம் எழுதியிருக்கும் ஈஎன்ஜி கோப்பைத் திறந்து, சவுண்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். பொதுவாக இரண்டு இடத்தில் வரும். மேலே வேகன் பகுதிக்குள் வருவது வெளியில் நின்று கேட்கும் ஒலிகளுக்கானது. கீழே என்ஜின் பகுதிக்குள் வருவது கேப்புக்கானது. மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டோடு வந்த டேஷ்-9 என்ற என்ஜினில் ஒன்றின் பெயர் 'எங்' என்று முடியும், மற்றொன்று 'கேப்' என்று முடியும். பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் இந்த வழக்கத்தையே பின்பற்றினார்கள். அதனால் இனி இவற்றை வெளிக் கோப்பு, கேப் கோப்பு என்றே சொல்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சவுண்ட் வரியில் கோப்புப் பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளிகளும் சாய்கோடுகளும் வந்தால், அந்த ஒலி இந்த ஃபோல்டரில் இல்லை, வேறொரு வண்டியிடமிருந்து இரவல் வாங்கியது என்று அர்த்தம். நம்மூர் என்ஜின் அமைப்புகளில் இது சர்வ சாதாரணம். ஆல்கோ (இந்த டீசல்களின் மூல வடிவமைப்பைத் தந்த அமெரிக்க நிறுவனம்) என்ஜினின் ஒலித்தொகுப்பு ஒன்றை ஒரே இடத்தில் வைத்துவிட்டு டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூடிஎம்-3டி என்று ஒரு கூட்டமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு வண்டிக்காக அதில் ஹாரனைக் குறைத்தால் எல்லா வண்டியிலும் குறையும். அதுதான் வேண்டும் என்றால் நல்லது. வேண்டாம் என்றால் அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயர் கொடுத்து, உங்கள் வண்டியை மட்டும் அந்த நகலைப் பார்க்கச் சொல்லுங்கள். நகலை வேவ் கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்தால் பாதைக் குழப்பம் வராது.

அப்புறம், மூல ஈஎன்ஜி கோப்பைத் தொடாமலே இதைச் செய்ய ஓப்பன் ரெயில்ஸ் ஒரு நல்ல வசதி தருகிறது. வண்டியின் ஃபோல்டருக்குள் ஓப்பன்ரெயில்ஸ் என்ற பெயரில் ஒரு உள்ஃபோல்டர் உருவாக்கி, அதில் அதே பெயரில் ஒரு சிறிய ஈஎன்ஜி கோப்பை வைத்தால், விளையாட்டு அதைத்தான் முதலில் எடுக்கும். முதல் வரியைக் காலியாக விட்டு, அடுத்து இன்க்ளூட் கட்டளையால் மேல் ஃபோல்டரிலுள்ள மூலக் கோப்பை அழைத்து, அதன்கீழ் நீங்கள் மாற்ற விரும்பும் வரிகளை மட்டும் எழுதினால் போதும். பிடிக்கவில்லை என்றால் அந்த உள்ஃபோல்டரை அழித்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும். ஆட்-ஆனுக்கு, அதாவது பிறர் செய்து தரும் கூடுதல் தொகுப்புக்குப் புதிய பதிப்பு வந்து மூலக் கோப்பை மேலெழுதினாலும் உங்கள் மாற்றம் தப்பித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் எந்தத் திருத்தத்தையும் இந்த வழியில்தான் செய்ய வேண்டும்.

எஸ்எம்எஸ் கோப்பை இப்போது திறக்கலாம். உள்ளே எல்லாம் ஆங்கிலச் சொற்களாகவும் அடைப்புக்குறிகளாகவும் இருக்கும். இங்கே நான் அவற்றின் உச்சரிப்பை எழுதுகிறேன். இந்தக் கோப்புகள் பழைய வழக்கப்படி யுடிஎஃப்-16 என்ற யூனிகோட் வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்து அப்படியே சேமித்தால் வடிவம் மாறாது. வேறு எடிட்டர் என்றால் சேமிக்கும்போது என்கோடிங் என்னவென்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஸ்கேலபிலிட்டி குரூப். இதில் மைக்ரோசாஃப்ட் காலத்து எழுத்துப்பிழை ஒன்று அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்கேலபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஐ' விட்டுப்போயிருக்கும். சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. திருத்தவும் கூடாது, திருத்தினால் விளையாட்டுக்கு அது தெரியாத சொல்லாகிவிடும். ஒரு கோப்பில் இப்படிப் பல குரூப்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நான் மேலே சொன்ன சவுண்ட் டீட்டெயில் லெவலுக்குப் பொருந்துகிற குரூப் ஒன்றுதான் ஒலிக்கும், மற்றவை சும்மா கிடக்கும். 5-இல் வைத்திருந்தால் எண் 5 கொண்ட குரூப். “எண்ணை மாற்றினேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை” என்று வரும் புகார்களில் கணிசமானவை ஒலிக்காத குரூப்பில் கை வைத்ததால் வருபவை. கோப்பின் முதல் குரூப்பைத் திருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

குரூப்புக்குள் முதலில் ஆக்டிவேஷன், டீஆக்டிவேஷன் என்ற இரண்டு பகுதிகள். எந்தக் கேமராவில் இருக்கும்போது, எத்தனை மீட்டர் தூரத்துக்குள் இந்த ஒலிகள் உயிர்பெற வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். கேப் கேமரா, பாசஞ்சர் கேமரா, எக்ஸ்டெர்னல் கேமரா என்று மூன்று பெயர்கள் வரலாம். அடுத்து குரூப் முழுவதற்குமான வால்யூம். அதன் கீழே ஸ்ட்ரீம்கள், அதாவது தனித்தனி ஒலிகள். ஹாரனுக்கு ஒரு ஸ்ட்ரீம், என்ஜினுக்கு இரண்டு மூன்று, கம்ப்ரசருக்கு ஒன்று, பிரேக் காற்றுக்கு ஒன்று என்று வரிசையாக. ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்குள்ளும் அதற்கென ஒரு வால்யூம் எண் இருக்கலாம். இல்லையென்றால் 1 என்று எடுத்துக்கொள்ளப்படும். அதோடு வால்யூம் கர்வ் என்ற பகுதியும் இருக்கலாம். வேகத்துக்கோ என்ஜின் சுற்றுக்கோ ஏற்ப ஒலி கூடிக் குறைவது இதனால்தான்.

இந்த எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன என்பதுதான் விஷயமே. குரூப் வால்யூம், ஸ்ட்ரீம் வால்யூம், அந்த நேரத்தில் கர்வ் காட்டும் மதிப்பு, வெளி ஒலியென்றால் அந்த 50 சதவீதம், கடைசியாக மொத்த ஒலி அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிக் கோப்பில் என்ஜின் ஸ்ட்ரீமின் வால்யூம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர நாட்ச்சில் கர்வ் 0.4 காட்டுகிறது. கேப்புக்குள் நுழையும்போது அதில் பாதி. 0.6, 0.4, 0.5 மூன்றையும் பெருக்கினால் 0.12. கேப் கோப்பில் இருக்கும் ஹாரனோ கர்வ் எதுவும் இல்லாமல் 1.0-இல் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 18 டெசிபல். மொத்த வால்யூமை எங்கே வைத்தாலும் இந்த 18 டெசிபல் மாறாது. உங்கள் சிக்கல் இதுதான்.

“அப்படியானால் என்ஜினை 3.0 என்று எழுதிவிடலாமே” என்று தோன்றும். எழுதலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. ஓப்பன் ரெயில்ஸ் ஒலியை ஓப்பன்ஏஎல் என்ற நூலகம் வழியாக வெளியிடுகிறது. பெருக்கல் எல்லாம் முடிந்து, தூரத்துக்கான குறைப்பும் முடிந்து, வருகிற இறுதி மதிப்பு 1-ஐத் தாண்டினால் ஓப்பன்ஏஎல் அதை 1-லேயே நிறுத்திவிடும். எனவே பெரிய எண் எழுதினால் கிட்டத்தில் கேட்கும் சத்தம் ஓரளவுக்கு மேல் கூடாது, தூரத்தில் கேட்பது மட்டும் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது நாட்ச்சுக்கும் எட்டாவது நாட்ச்சுக்கும் வித்தியாசமில்லாமல் எல்லாம் உச்சியில் முட்டி நின்றுவிடும். ஆல்கோவின் அழகே நாட்ச் நாட்ச்சாக ஏறும் அந்த மூச்சில்தானே இருக்கிறது. அதனால் உரக்கக் கேட்பவற்றைக் குறையுங்கள். எல்லாம் குறைந்தபின் மொத்த வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் அல்லது ஹெட்போனின் குமிழ் எதற்கு இருக்கிறது?

எவ்வளவு குறைப்பது என்பதிலும் நம் காது ஏமாற்றும். 1.0-ஐ 0.5 ஆக்கினால் சத்தம் பாதியாகிவிடும் என்று நினைப்போம். அது 6 டெசிபல் குறைவுதான். காதுக்கு ‘கொஞ்சம் இறங்கியிருக்கிறது’ என்றுதான் படும். பாதியாகிவிட்டது என்று பெரும்பாலோர் உணர 10 டெசிபல் அளவுக்குக் குறைய வேண்டும், அதற்கு எண் 0.3-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.1 என்றால் 20 டெசிபல் குறைவு, பின்னணியில் ஒதுங்கிவிடும். எனவே 0.9, 0.85 என்று தயங்கித் தயங்கிக் குறைத்துப் பார்ப்பது வீண் வேலை. நேராக 0.3-இல் ஆரம்பித்து அங்கிருந்து மேலேயோ கீழேயோ நகருங்கள்.

ஹாரனுக்கு வருவோம். கோப்பில் அதைக் கண்டுபிடிக்க டிஸ்கிரீட் ட்ரிக்கர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். 8 என்றால் ஹாரன் பொத்தானை அழுத்தும் கணம், 9 என்றால் விடும் கணம். 10-உம் 11-உம் மணி, இந்திய என்ஜின்களில் அதற்கு வேலையில்லை. 12-உம் 13-உம் கம்ப்ரசர் ஓடத் தொடங்குவதும் நிற்பதும். இந்த எண்கள் மைக்ரோசாஃப்ட் காலத்திலிருந்து மாறாதவை, வேவ் கோப்பின் பெயரை நம்புவதைவிட இவற்றை நம்பலாம். 8 இருக்கும் ஸ்ட்ரீமைப் பிடித்து, அதில் வால்யூம் இருந்தால் எண்ணை மாற்றுங்கள். இல்லையென்றால் மற்ற ஸ்ட்ரீமில் அது எந்த இடத்தில் எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து இங்கேயும் அதே இடத்தில் சேருங்கள்.

ஆனால் எண்ணை மாற்றும் முன் ஒன்றைச் சோதியுங்கள். ட்ரிக்கர் 8 கேப் கோப்பிலும் இருக்கிறதா, வெளிக் கோப்பிலும் இருக்கிறதா? இரண்டிலும் இருந்து, வெளிக் கோப்பின் ஆக்டிவேஷனில் கேப் கேமராவும் எழுதியிருந்தால், நீங்கள் கேப்பில் இருந்து ஒரு தடவை ஹாரன் அடிக்க இரண்டு ஹாரன் ஒலிக்கிறது. ஒரே வேவ் கோப்பு ஒரே நேரத்தில் இரண்டு தடவை முழு அளவில் ஒலித்தால் 6 டெசிபல் வரை கூடும். இரண்டும் ஒரு நூலிழை முன்பின்னாக ஆரம்பித்தால் குழாய்க்குள் அடித்த மாதிரி ஒரு கரகரப்பும் சேரும். காதைக் கிழிக்கிறது என்று நீங்கள் சொல்வது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஊகத்தை விட்டுக் கண்ணால் பார்க்க வழி உண்டு. விளையாட்டு ஓடும்போது ஆல்ட் விசையோடு எஸ் அழுத்தினால் சவுண்ட் டீபக் என்ற தனி ஜன்னல் திறக்கும். இந்தக் கணத்தில் உயிரோடிருக்கும் எஸ்எம்எஸ் கோப்புகள் மேலே வரிசையாக இருக்கும், ஒன்றை விரித்தால் அதற்குள் எந்த வேவ் இப்போது ஓடுகிறது, எந்த வால்யூமில் ஓடுகிறது என்றெல்லாம் எண்ணாகவே தெரியும். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள். ஹாரன் வேவ் இரண்டு இடத்தில் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு நாட்ச்சைக் கூட்டிக்கொண்டே போய் என்ஜின் ஸ்ட்ரீமின் எண் எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். இந்த ஜன்னலைப் பற்றித் தெரியாமலே பலர் வருடக்கணக்கில் எஸ்எம்எஸ்ஸோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இரட்டை ஹாரன் என்று தெரிந்துவிட்டால் கேப் கோப்பிலுள்ள ஹாரனை அடக்கிவிட்டு வெளிக் கோப்பில் உள்ளதை மட்டும் விடுவது எளிய வழி. அழிக்கத் தேவையில்லை, அந்த ஸ்ட்ரீமின் வால்யூமை 0 ஆக்கினாலே போதும். ஸ்ட்ரீமையே தூக்கினால், ஸ்ட்ரீம்ஸ் என்ற சொல்லுக்குப் பின் மொத்தம் எத்தனை என்று எழுதியிருக்கும் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். அடைப்புக்குறி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கலைந்துவிடும். பூஜ்யம் போடுவது பாதுகாப்பு.

இப்போது என்ஜின். கேப் கோப்பில் என்ஜின் ஸ்ட்ரீமே இல்லாமல், வெளிக் கோப்பிலிருந்து கசிந்து வருவது மட்டும்தான் உங்களுக்குக் கேட்கிறது என்றால் இரண்டு வழி இருக்கிறது. சுலபமானது, அந்த 50 சதவீதத்தை 75, 80 என்று உயர்த்துவது. ஆப்ஷன்ஸில் உயர்த்தினால் எல்லா வண்டிக்கும் உயரும். ஒரு வண்டிக்கு மட்டும் வேண்டுமென்றால் ஈஎன்ஜி கோப்பின் வேகன் பகுதியில் அதற்கென ஒரு வரி எழுதலாம். அதன் எழுத்துக்கூட்டல் நீளமானது, ஓப்பன் ரெயில்ஸோடு வரும் கையேட்டில் வெளி ஒலி பற்றிய பகுதியில் இருக்கிறது, அங்கிருந்து பிரதி எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த வழியில் ஹாரனும் சேர்ந்து உயரும் என்பதால் வெளிக் கோப்பில் ஹாரனின் எண்ணை 0.4 அளவுக்கு இறக்கிவிடுங்கள். வெளியே நின்று பார்க்கும்போது ஹாரன் சற்று மட்டாகக் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி கொஞ்சம் வேலை வைக்கும், ஆனால் பலன் நன்றாக இருக்கும். வெளிக் கோப்பிலிருந்து என்ஜின் ஸ்ட்ரீம்களை அப்படியே நகல் எடுத்துக் கேப் கோப்பில் சேர்ப்பது. ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். வேவ் கோப்புகள் அதே ஃபோல்டரில் இருப்பதால் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. இனி கேப்புக்குள் ஒவ்வொரு ஸ்ட்ரீமும் உங்கள் கையில். வெளி ஒலியின் அளவைத் தொடாமலே உள்ளே வேண்டியதை வேண்டிய அளவில் வைக்கலாம். நேரம் இருந்தால் அந்த வேவ்களுக்கு இன்னொரு நகல் எடுத்து, உச்ச அலைவரிசைகளைக் கொஞ்சம் வெட்டி, கேப் கோப்புக்கு மட்டும் அவற்றைக் கொடுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து வரும் ஆல்கோவின் உறுமல் அப்படியே வரும். வெறும் வால்யூமைக் குறைத்தால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுமே தவிர சுவருக்கு அப்பால் இருப்பதாகத் தோன்றாது.

வால்யூம் கர்வைத் தொடுவதாக இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கர்வின் தலைப்பில் எது அதைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதியிருக்கும். ஸ்பீட் கன்ட்ரோல்டு என்றால் வண்டியின் வேகம். டீசலில் வேரியபிள்-2 என்பது என்ஜினின் சுற்று வேகத்தைப் பின்தொடர்வது. நிஜ டபிள்யூடிஎம்-3ஏ ஐடிலில், அதாவது இழுக்காமல் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று, முழு நாட்ச்சில் சுமார் 1000 சுற்று. அதன் 16 சிலிண்டர் என்ஜினின் குரல் மாற்றம் அந்த இடைவெளிக்குள் நடப்பது, அதைத்தான் இந்தக் கர்வ் படம்பிடிக்க முயல்கிறது. கர்வ் பாயின்ட்ஸ் என்பதற்குப் பின் முதலில் எத்தனை புள்ளி என்ற எண்ணிக்கை, பிறகு ஜோடி ஜோடியாக எண்கள். ஜோடியில் முதலாவது சுற்றோ வேகமோ, இரண்டாவது வால்யூம். முதலாவதை விட்டுவிடுங்கள், இரண்டாவதை மட்டும் மாற்றுங்கள். ஐடிலில் சத்தம் அதிகம் என்றால் முதல் ஜோடியின் வால்யூமை மட்டும் இறக்கினால் போதும், மேல் நாட்ச்கள் பாதிக்கப்படாது.

வேகத்தின் அலகு மீட்டர்/விநாடி. 20 என்று எழுதியிருந்தால் மணிக்கு 72 கிலோமீட்டர். இதைக் கிலோமீட்டர் என்று நினைத்து 110 என்று எழுதிவைத்தால் அந்தப் புள்ளியை வண்டி ஒருநாளும் எட்டாது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட மணிக்கு 400 கிலோமீட்டர். அப்புறம், வால்யூம் கர்வுக்குக் கீழேயே ஃப்ரீக்வென்சி கர்வ் என்று ஒன்று வரும், 11025, 22050 என்ற மாதிரி பெரிய எண்களோடு. அது சுருதிக்கானது. அதைக் கூட்டினால் என்ஜின் கீச்சென்று கத்தும், சத்தம் கூடிவிட்டது என்று காதும் நம்பும். அதைத் தொடாதீர்கள்.

எஸ்எம்எஸ் கோப்புகள் வண்டி ஏற்றப்படும்போதுதான் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளையாட்டை விட்டு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். சோதனைக்கு என்றே ஒரு சின்ன ரூட்டில் (விளையாட்டுக்குள் வரும் ரயில் பாதை) ஒரே ஒரு என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டால் ஏற்றும் நேரம் மிச்சம். இருபத்து நான்கு பெட்டி எக்ஸ்பிரஸோடு சோதிக்க வேண்டாம்.

சிலருக்கு வேவ் கோப்பையே ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துவிடத் தோன்றும். பதிவே மிகவும் மெலிதாக இருந்தால், அதாவது எஸ்எம்எஸ்ஸில் 1.0 வைத்தும் போதவில்லை என்றால், அது சரியான வழிதான். ஓப்பன்ஏஎல் போடும் எல்லையைத் தாண்ட வேறு உபாயம் இல்லை. ஆனால் ஹாரன் வேவில் மட்டும் உஷாராக இருங்கள். நல்ல ஹாரன் பதிவில் மூன்று பகுதி இருக்கும்: தொடங்கும் ஊதல், பொத்தானைப் பிடித்திருக்கும்வரை சுழன்றுகொண்டே இருக்கும் நடுப்பகுதி, விட்டதும் அடங்கும் வால். எங்கிருந்து எங்கே சுழல வேண்டும் என்பதைக் கோப்புக்குள்ளேயே கியூ பாயின்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் சொல்கின்றன. ஆடாசிட்டியிலிருந்து ஏற்றுமதி செய்தால் இந்தக் குறிகள் தொலைந்துபோகும். பிறகு ஹாரனை எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது தன் இஷ்டத்துக்கு ஒலிக்கும், வால் பகுதி நடுவில் வந்து வந்து போகும். ‘வால்யூமைத்தான் குறைத்தேன், ஹாரனே கெட்டுப்போய்விட்டது’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். குறிகளைப் பாதுகாக்கிற கோல்டுவேவ், வேவோசார் போன்ற எடிட்டர்களில் செய்யுங்கள். சேமிக்கும்போது 16 பிட், மோனோ, பிசிஎம்.

பெட்டிகளின் ஓசையும் தண்டவாள ஓசையும் தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் வேக் கோப்பில் (என்ஜினுக்கு ஈஎன்ஜி போலப் பெட்டிக்கு இது) சொல்லப்பட்ட எஸ்எம்எஸ் உண்டு, அதையும் மேலே சொன்ன மாதிரியே திருத்தலாம். தடதடவென்ற இணைப்பு ஓசை ரூட்டைச் சேர்ந்தது. ரூட் ஃபோல்டரில் டிடைப் என்ற டேட் கோப்பில் எந்தத் தண்டவாள வகைக்கு எந்த எஸ்எம்எஸ், உள்ளே கேட்க ஒன்று, வெளியே கேட்க ஒன்று என்று எழுதியிருக்கும். ரூட்டைச் செய்தவர் வெளிநாட்டு ரூட்டின் கோப்பை அப்படியே போட்டிருந்தால், நீண்ட தூரம் வெல்டிங் செய்த இன்றைய பிரதான பாதையிலும் ஓயாமல் தடதடக்கும். வால்யூமைக் குறைப்பதைவிட வேறு எஸ்எம்எஸ்ஸைக் காட்டுவது நல்லது. நம்மூர் பழைய பாதையின் 13 மீட்டர் தண்டவாள ஓசை வேண்டுமென்றால், மணிக்கு 72 கிலோமீட்டரில் இரண்டு விநாடிக்கு மூன்று இணைப்பு என்ற கணக்கில் வர வேண்டும். பல ஆட்-ஆன்களில் அந்தத் தாளமே தப்பாக இருக்கும். மழை, பனி ஓசைகளும் ரூட் பக்கம்தான், ரெயின், ஸ்னோ என்று ஆரம்பிக்கும் எஸ்எம்எஸ் கோப்புகளில்.

டவ்டெயில் நிறுவனத்தின் ட்ரெயின் சிமுலேட்டர் என்ற விளையாட்டிலும் இதையெல்லாம் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே ஒலிகள் டிஏவி என்ற தனி வடிவில் அடைக்கப்பட்டிருக்கின்றன, கட்டளைக் கோப்புகளும் இப்படித் திறந்து படிக்கும் எழுத்துக் கோப்புகள் இல்லை. நோட்பேடோடு உட்கார்ந்து சரிசெய்யும் சௌகரியம் ஓப்பன் ரெயில்ஸில்தான்.

திருத்திவிட்டு உள்ளே போனால் ஒரு சத்தமும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். டெஸ்க்டாப்பில் ஓப்பன் ரெயில்ஸ் லாக் என்று ஓர் எழுத்துக் கோப்பு உருவாகியிருக்கும். அதில் உங்கள் எஸ்எம்எஸ்ஸின் பெயரைத் தேடுங்கள். எந்த வரியில் அடைப்புக்குறி இடிக்கிறது, எந்த வேவ் கோப்பைக் காணவில்லை என்று வரி எண்ணோடு எச்சரிக்கை இருக்கும். அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஹாரன் ஸ்ட்ரீமையும் லாக்கில் அந்தப் பெயர் வரும் வரிகளையும் இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஈஎன்ஜி கோப்பின் அந்த இரண்டு சவுண்ட் வரிகளையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள், அவை இல்லாமல் எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது.